பழைய காரின் உள்கூரைத் துணி: ரெடிமேடா, தைத்து வாங்குவதா, பலகையில் ஒட்டுவதா?

பழைய காரின் உள்கூரைத் துணி தொங்கத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் யோசிப்பது நிறத்தைப் பற்றித்தான். சந்தன நிறமா, சாம்பலா, துளை போட்ட ரெக்சினா, கம்பளித் துணியா என்று மாதிரித் துண்டுகளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்ப்போம். உண்மையில் அது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. காரின் கூரை எந்த வகை? முன், பின் கண்ணாடிகளைக் கழற்றப் போகிறோமா இல்லையா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால், இருக்கும் வழிகளில் பாதி தானாகவே அடைபட்டுவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் பெரியது. நல்ல துணி வாங்கி, நன்றாகத் தைத்து, கடைசியில் கண்ணாடி ஓரத்தில் சுருக்கம் விழுந்த கார்கள்தான் அதிகம்.

கூரை எந்த வகை

மிகப் பழைய கார்களில் மரச் சட்டத்தில் ஆணி அடித்துத் துணியைப் பொருத்தியிருப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல் கார்களில் கூரை முழுவதையும் இரும்புத் தகடாகவே அழுத்தி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பல மூடிய கார்களின் கூரை நடுவில் மரச் சட்டமும், அதன் மேல் நீர் புகாத துணியும்தான் இருந்தன. ஃபோர்டு மாடல் ஏ அந்த வகை. இதில் உள்துணியைக் குறுக்குச் சட்டங்களில் வரிசையாகச் சின்ன ஆணிகளால் அடித்து, கடைசி ஓரத்தை அலங்காரப் பட்டையால் மறைப்பார்கள். ஆணி தெரியாமல் அடிப்பது தனிக் கைத்தொழில். உங்கள் கார் இப்படிப்பட்டது என்றால் அதிகம் ஒப்பிட வேண்டியதில்லை, பழகிய குஷன் வேலைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கம்பி வகை. ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பழைய மினி போன்றவை இதில் சேரும். துணியின் மறுபக்கத்தில் குறுக்காக நீளமான உறைகள் தைத்திருக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று ஓடும். கம்பியின் இரண்டு முனைகளும் கூரையின் பக்கவாட்டில் உள்ள துளைகளில் செருகி நிற்கும். துணி கூரைத் தகட்டில் எங்கும் ஒட்டியிருக்காது. கம்பிகள் மேலே தூக்கிப் பிடிக்க, நான்கு ஓரங்களில் மட்டும் பசை இழுத்துப் பிடித்திருக்கும். கூடாரத் துணி நிற்பது போலத்தான்.

மூன்றாவது பலகை வகை. அச்சில் அழுத்திய அட்டை அல்லது ஃபைபர்கிளாஸ் பலகையின் மேல் மெல்லிய ஃபோம் ஒட்டிய துணி. வோல்வோ 240, ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஃபோம் பழசாகித் துணி தொங்கத் தொடங்கினால், ஓட்டும்போது தலையில் படும், பின்னால் பார்க்கும் கண்ணாடியை மறைக்கும்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் விரலால் அழுத்திப் பாருங்கள். துணி உள்ளே போய் அப்புறம் தகட்டில் முட்டினால் கம்பி வகை. குறுக்கே தையல் கோடுகளும் தெரியும். துணிக்குப் பின்னால் உடனே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டால், அல்லது தொட்டதும் பழுப்புத் தூள் கொட்டினால் பலகை வகை.

கண்ணாடி கழற்றுவதா, வேண்டாமா

கம்பி வகையில் துணியின் முன் ஓரமும் பின் ஓரமும் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பைச் சுற்றி மடிந்து, கண்ணாடி ரப்பருக்கு அடியில் ஒட்டியிருக்கும். அந்த விளிம்பு கைக்கு எட்டினால்தான் துணியை நேராக இழுத்து, அங்குலம் அங்குலமாகச் சரிசெய்து ஒட்ட முடியும்.

கண்ணாடியைக் கழற்றாமலே செய்பவர்களும் இருக்கிறார்கள். ரப்பரின் உள் உதட்டைப் பிளாஸ்டிக் கரண்டியால் தூக்கி, துணியை அடியில் செருகிவிடுவார்கள். ரப்பர் புதியதாகவும் மென்மையாகவும் இருந்தால் இது நடக்கும். முப்பது நாற்பது வருட ரப்பர் என்றால் தூக்கும் இடத்திலேயே வெடிக்கும். வெடிக்காவிட்டாலும், விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்ட முடியாததால் துணி வெறும் ரப்பரின் பிடியில்தான் நிற்கிறது. முதல் கோடையிலேயே முன்பக்கம் தளர்ந்து அலை அலையாகத் தெரியும். பக்கவாட்டுத் தூண்களின் மேல் மூலைகளை இந்த முறையில் ஒழுங்காக முடித்து நான் பார்த்ததே இல்லை.

கழற்றுவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடியாக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் கொடுத்தாலே விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். அதனால் பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் கண்ணாடி இழுக்காமலே கைக்கு வரும். புது ரப்பர் கட்டாயம் வேண்டும், அந்தச் செலவையும் கூரைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். பின் கண்ணாடியில் சூடேற்றும் கம்பி இருந்தால் அதன் இணைப்புகளை முதலில் கழற்ற மறக்க வேண்டாம்.

இதனால்தான் கூரைத் துணியைத் தனி வேலையாக எடுக்காமல், கண்ணாடி எப்படியும் வெளியே வரப்போகும் சமயத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கார் பெயின்டுக்குப் போகிறதா, கண்ணாடி விளிம்பில் துரு வந்து தண்ணீர் ஒழுகுகிறதா, அதுதான் சமயம். பெயின்ட் முடிந்து காய்ந்த பிறகு, கண்ணாடி உட்காரும் முன்பு, துணி ஏற வேண்டும். கண்ணாடி அடுத்த வருடம்தான் கழற்றப்படும் என்றால், கூரையும் அடுத்த வருடம் வரை காத்திருக்கட்டும். தொங்கும் துணியோடு ஒரு வருடம் ஓட்டுவது, அதே வேலையை இரண்டு முறை செய்வதைவிட மேல்.

ரெடிமேடா, அளந்து தைப்பதா

கம்பி வகைக் கார்களுக்கு மூன்று வழி. அந்த மாடலுக்கென்றே தைத்து விற்கும் ரெடிமேட் துணி, பழைய துணியைக் கொடுத்து அதே அளவில் தைத்து வாங்குவது, நீங்களே தைப்பது.

அதிகம் விற்ற மாடல் என்றால் எனக்கு ரெடிமேட்தான் முதல் தேர்வு. ஆனால் ஒரே மாடலில்கூட சன்ரூஃப் உள்ளது, இல்லாதது, இரண்டு கதவு, நான்கு கதவு, இடையில் பின் கண்ணாடியைப் பெரிதாக்கிய வருடம் என்று வேறுபாடுகள் உண்டு. பார்சல் வந்ததும் உறைகளை எண்ணுங்கள். உறைக்கும் உறைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, காரில் கம்பித் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஐந்தாறு சென்டிமீட்டராவது கூடுதல் துணி இருக்க வேண்டும். பல வருட மாடல்களுக்குப் பொதுவாக வெட்டிய துணியில் முதலில் குறைவது இந்த ஓரம்தான். பசை தொட்ட பிறகு யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் எல்லாச் சோதனையும் அதற்கு முன்பே.

அபூர்வ மாடல் என்றால் தைத்து வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய துணியை அப்படியே பிரதி எடுத்தால் புதியது சரியாக வரும் என்று நினைப்போம். ஆனால் பழைய ரெக்சின் பல வருடங்களில் சுருங்கியிருக்கும், பழைய கம்பளித் துணி தொய்ந்து நீண்டிருக்கும். அவற்றின் அளவில் தைத்தால் ஒன்று எட்டாது, இன்னொன்று தொங்கும். பழைய துணியிலிருந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பிகளின் இடைவெளியைக் காரிலேயே அளக்கச் சொல்லுங்கள். காரைப் பார்க்காமல் துணியை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

நீங்களே தைப்பது கேட்பதற்கு எளிது, எல்லாம் குறுக்குத் தையல்தானே என்று தோன்றும். ஆனால் கார்க் கூரை முன்னும் பின்னும் மட்டும் வளைவதில்லை, இடமும் வலமும்கூட வளைகிறது. அதனால் துண்டுகளின் ஓரங்கள் நேர்கோடாக இருக்காது, மிக மெலிதாக வளைத்து வெட்டியிருப்பார்கள். அந்த வளைவைக் கவனிக்காமல் நேராக வெட்டித் தைத்தால், கதவுகளுக்கு மேலே எவ்வளவு இழுத்தாலும் போகாத சுருக்கம் நிற்கும். மெல்லிய துணிக்கு வீட்டுத் தையல் மெஷின் போதும். ரெக்சின் என்றால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே வேகத்தில் நகர வேண்டும், சாதாரண மெஷினில் ஒன்று பின்தங்கித் தையல் கோணிக்கொள்ளும். சீட் வேலை செய்யும் மெஷின் கைவசம் இல்லாவிட்டால் இந்த வழியை விட்டுவிடலாம்.

துணியைப் பற்றி

சரி, இப்போது நிறமும் துணியும். உண்மையான தோற்றம் வேண்டும் என்றால் அந்தக் காரில் முதலில் இருந்ததே. ஒரே மாடலில் கூட வருடத்துக்கு வருடம் துணி மாறியிருக்கும். பீட்டிலில் முந்தைய கார்களுக்குத் துணி, பிந்தையவற்றுக்குத் துளையிட்ட ரெக்சின். போட்டியில் காட்டப்போகும் கார் இல்லை என்றால் அதற்கு மேல் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

முதல்முறை பொருத்துபவருக்குக் கம்பளி கலந்த துணி ரொம்பவே கருணையானது. நீராவி காட்டினால் தளர்ந்து கொடுக்கும், காய்ந்ததும் இறுகும். சின்னத் தவறுகளை மறைத்துவிடும். குறை, அந்துப்பூச்சியும் சிகரெட் வாடையும். ரெக்சினைத் துடைக்கலாம், பூச்சி அரிக்காது, ஆனால் அது எதையும் மறைக்காது. குளிரில் விறைத்து நிற்கும், சூட்டில் இளகும். குளிர்ந்த கொட்டகையில் இறுக்கமாகப் பொருத்தியதாக நினைத்த ரெக்சின் வெயிலில் தொய்ந்துவிடும். அறையை வெதுவெதுப்பாக வைத்துப் பொருத்தினால் பிறகு குளிரும்போது தானாக இறுகும். மெல்லிய சூயட் போன்ற மைக்ரோஃபைபர் துணி பார்க்க அழகுதான். ஐம்பதுகளின் காரில் அதைப் பார்க்கும்போது எனக்கு மட்டும் உறுத்துகிறதா என்று தெரியவில்லை.

வீட்டுத் திரைச்சீலைத் துணியை வாங்கி ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். காருக்கான துணி தீப்பிடித்தாலும் மெதுவாக எரிய வேண்டும் என்று விதி உண்டு. அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்த எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற விதிப்படி, காருக்குள் பயன்படும் பொருட்களில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. உங்கள் கார் அந்த விதிக்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் தலைக்கு மேலே இருக்கும் துணியில் இதைப் பார்ப்பது நல்லதுதான்.

நாமே பொருத்துவதா, கொடுப்பதா

கம்பி வகையை நாமே பொருத்தலாம், கூட ஒருவர் இருந்தால். வேலையின் பாதி, பழையதைக் கழற்றுவதிலேயே இருக்கிறது. கம்பிகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் நீளமும் வளைவும் வேறு வேறு. கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண் எழுதிய டேப்பைச் சுற்றிவிடுங்கள், எந்தத் துளையில் நின்றது என்பதையும் குறித்துவிடுங்கள். கம்பியில் துரு இருந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காமல் புதுத் துணிக்குள் நுழைக்கக் கூடாது, வெளிர் நிறத் துணியில் பழுப்புக் கோடாகத் தெரியும். தகடு திறந்து கிடக்கும் இந்த நேரத்தில்தான் கூரை விளக்குக்கான வயரையும், சத்தத்தை அடக்கும் ஃபெல்ட்டையும், ஆன்டெனாவைச் சுற்றிய ஒழுகலையும் கவனிக்க முடியும்.

துணியின் நடுக்கோட்டை மறுபக்கத்தில் சாக்பீஸால் போடுங்கள், கூரைத் தகட்டிலும் அப்படியே. கம்பிகளை உறைகளில் நுழைத்து ஒவ்வொன்றாக மாட்டி, இரண்டு கோடும் ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முன்னும் பின்னும் இழுத்து, கவ்வும் கிளிப்புகளால் விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள். பசை இப்போதைக்கு வேண்டாம்.

இப்போது பக்கவாட்டில் இழுத்தால், ஒவ்வொரு கம்பியின் முனையிலும் நட்சத்திரம் போலச் சுருக்கம் விழும். பதற வேண்டாம், துணியைக் கம்பியில் பிடித்து வைத்திருப்பது அந்த உறைதான். உறையின் முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரியால் வெட்டி, மறுபடி இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் ஒரு சென்டிமீட்டர். தையல் கோடு நேராகி, சுருக்கம் மறையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரேயடியாக நீளமாக வெட்டிவிட்டால் அங்கே துணி கம்பியை விட்டுத் தொங்கும், அதைத் திரும்பத் தைக்க முழுவதையும் கழற்ற வேண்டும். உறையை வெட்டும்போது கத்தரியின் நுனி அடித் துணியைத் தொடாமல் பார்க்க ஒரு ஆள், இழுத்துப் பிடிக்க ஒரு ஆள். அதற்குத்தான் துணை.

எல்லாம் கிளிப்பில் சரியாக நின்ற பிறகே பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பின் அழுத்தும் ரப்பர் பசை. வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிற்கும் அடர் நிறக் காரின் கூரைத் தகடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது, கைவினைப் பொருட்களுக்கான ஸ்ப்ரே பசை அதில் இளகிவிடும். முன், பின் நடுவில் தொடங்கி மூலைகளை நோக்கி, பக்கங்களில் இடம் ஒரு சாண், வலம் ஒரு சாண் என்று மாறி மாறி ஒட்டுங்கள். மூலைகளில் துணியை மடித்து மடித்து அடுக்காதீர்கள், வெட்டி எடுத்துவிடுங்கள். விளிம்பில் மூன்று அடுக்குத் துணி இருந்தால் கண்ணாடி ரப்பர் அங்கே சரியாக உட்காராது, மழை உள்ளே வரும். கண்ணாடி மாட்டும்போது ரப்பரில் போடும் சோப்புத் தண்ணீர் புதுத் துணியில் வழியும், ஓரத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவையுங்கள்.

விளக்குக்கும் சன் வைசருக்கும் துளை போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. துணிக்கு மேல் விரலால் தடவி, ஸ்க்ரூ துளையை ஊசியால் குத்தி உறுதிசெய்து, சின்னதாக ஒரு பெருக்கல் குறி போல வெட்டினால் போதும்.

இவ்வளவையும் படித்து மலைப்பாக இருந்தால், தைத்தவரிடமே பொருத்தவும் கொடுத்துவிடலாம். ஆனால் கழற்றும் வேலையையும் துரு வேலையையும் நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள். கூலி குறையும் என்பதைவிட, அவசரத்தில் துருவின் மேலேயே துணி ஏறிவிடாது என்பதுதான் காரணம். சன்ரூஃப் உள்ள கார் என்றால் நான் தயங்காமல் கொடுத்துவிடுவேன். கூரையின் நடுவில் இன்னும் நான்கு ஓரங்கள் வந்துவிடுகின்றன.

பலகை வகைக்கு

இங்கே கண்ணாடிப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, பலகையை வளைக்காமல் கதவு வழியாகவோ பின்கதவு வழியாகவோ வெளியே எடுத்துவிட்டால் போதும். முதல்முறை செய்பவருக்கு ஏற்ற வேலை இதுதான். துணி தொங்குவதற்குக் காரணம் துணியும் அல்ல, பசையும் அல்ல. இடையில் உள்ள பாலியூரிதேன் ஃபோம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து தூளாகிவிட்டது. அந்தத் தூள் மிச்சமிருக்கும் பலகையில் எவ்வளவு உயர்ந்த பசையைப் போட்டாலும் அது தூளைத்தான் பிடிக்கும், பலகையை அல்ல. நைலான் பிரஷ்ஷால் சலிக்காமல் தேய்த்து, தூசு உறிஞ்சி, மறுபடி தேய்க்க வேண்டும். முகமூடி இல்லாமல் வேண்டாம், ஃபைபர்கிளாஸ் பலகை என்றால் கையுறையும் சேர்த்து.

ஃபோம் இல்லாத வெறும் துணியை ஒட்டினால் செலவு குறையும், பலகையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் வெளியே தெரியும். ஃபோம் ஒட்டியதையே வாங்குங்கள். பாதிப் பலகைக்குப் பசை அடித்து ஒட்டி, அப்புறம் மறுபாதி. பள்ளமான இடங்களில் துணியை மேலே இழுத்துக் கட்டாமல், உள்ளங்கையால் பள்ளத்துக்குள் தள்ளி ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டிய இடம்தான் முதலில் விடுபடும்.

கம்பி வகைக் காரில் கம்பிகளை எடுத்துவிட்டுப் பலகை செய்து ஒட்டிவிடலாமே என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். தலைக்கு மேல் உள்ள இடம் குறையும், இரட்டை வளைவுக் கூரைக்கு வீட்டில் பலகை செய்வது துணி தைப்பதைவிடக் கடினம், ஓரங்களை மறைக்கப் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நான் இதைச் செய்ய மாட்டேன்.

அதுவரை ஓட்டுவதற்கு

கண்ணாடி கழற்றும் நாள் வரும் வரை என்ன செய்வது? கம்பி வகையில் அழுக்கு மட்டும்தான் என்றால், நனைக்காமல் மெதுவாக நுரையால் துடைத்துப் பாருங்கள். அதிலேயே திருப்தி வந்து, துணி மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. ஓரம் மட்டும் விட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஒட்டலாம். தையல் விட்டிருந்தால் வளைந்த ஊசியால் உள்ளிருந்தே தைக்கலாம்.

பலகை வகையில் தொங்கும் துணியைத் திருகு ஊசிகளால் குத்தி நிறுத்தலாம், பார்க்கச் சுமார்தான், ஆனால் சில மாதங்கள் ஓடும். துணிக்குள் ஊசி வைத்துப் பசையைச் செலுத்தும் வித்தையை மட்டும் தொடாதீர்கள். கறை வெளியே தெரியும் என்பது ஒரு பக்கம், தூளான ஃபோமும் புதுப் பசையும் கலந்து பலகையில் காய்ந்துவிட்டால், அதைச் சுரண்டும்போது பலகையே பெயர்ந்து வரும்.